ஒரு பெட்டியில் மூன்று தொழில்

இரும்பை உருக்கி இரும்போடு சேர்க்கும் தொழிலுக்குப் புத்தகத் தமிழில் பற்றவைப்பு என்று பெயர். பட்டறையில் அச்சொல்லை எவரும் வழங்குவதில்லை. வெல்டிங் என்றால்தான் விளங்கும். நாம் இரண்டையும் இடத்திற்கேற்பக் கையாளுவோம். பண்டிதர்களும் தொழிலாளரும் ஒருங்கே பொறுத்தருள்க.

தில்லி, மும்பை, புனே, ஆமதாபாத், ஜாம்ஷெட்பூர் போன்ற நகரங்களில் வாழும் தமிழ் நேயர்களுள் சிறு பட்டறை நடத்துவோரும், அத்தகைய பட்டறைகளில் கூலிக்கு உழைப்போரும் உளர். சன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் சட்டம் ஆகியவை அவர்கள் கையால் உருவாகின்றன. இப்பட்டறைகளில் சில ஆண்டுகளாக ஒரு சிறு பெட்டி இடம்பிடித்து வருகிறது. முன்பு இருவர் கூடித் தூக்கிய வெல்டிங் மெஷின் இருந்த இடத்தில், ஒருவரே கைப்பிடியைப் பற்றி எடுத்துச் செல்லத்தக்க பெட்டி ஒன்று அமர்ந்திருக்கிறது. ராடு வெல்டிங், மிக், டிக் ஆகிய மூன்றையும் அது ஒன்றே செய்யும் என்று சொல்லி விற்கின்றனர். அதனோடு வரும் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது. கடைக்காரர் கூறும் விளக்கமோ இந்தியில். இரண்டிற்கும் இடையே நிற்கும் நம்மவர், பொத்தான்களைத் திருப்பித் திருப்பித் தாமே கற்றுக்கொள்கின்றனர். கையேடுகளைத் தமிழாக்குவது நம் அலுவலில் ஒரு பகுதி. ஆதலின் இப்பெட்டியை எப்படி அமைப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல முற்படுகிறோம்.

உருகிய இரும்பு காற்றைக் கண்டால் கெடும். இதுவே இத்தொழிலின் மூல உண்மை. காற்றிலுள்ள பிராணவாயுவும் நைட்ரஜனும் உருகிய உலோகத்தினுள் புகுந்து, அது ஆறும்போது நுண்துளைகளாகவும் நொறுங்கும் தன்மையாகவும் வெளிப்படும். ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கொலாய் பெனார்டோஸ் என்பார் 1880-களின் தொடக்கத்தில் கரித்தண்டினால் மின்பொறி எழுப்பி இரும்பை இணைத்துக் காட்டினார். அந்நாட்டினரே ஆன ஸ்லாவியானோவ் 1888-இல் கரித்தண்டுக்குப் பதிலாக உலோகத் தண்டையே உருக்கினார். பொறி கிடைத்துவிட்டது, காற்றை விலக்கும் வழிதான் கிடைக்கவில்லை. அதன்பின் வந்த முறைகள் யாவும் காற்றை எவ்வாறு விலக்குவது என்ற ஒரே வினாவிற்குக் கூறப்பட்ட வெவ்வேறு விடைகளே எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராடின் மேல் மருந்து பூசும் வழக்கம் வந்தது. அம்மருந்து எரிந்து புகைமண்டலமாகி உருகலைக் காக்கும். எஞ்சியது கசடாக உறைந்து மேலே போர்வையாகப் படியும். இதுவே ராடு வெல்டிங். 1940-களின் தொடக்கத்தில், விமானங்களுக்கு வேண்டிய மக்னீசிய உலோகத்தை இணைக்கும் பொருட்டு அமெரிக்காவில் டிக் முறை உருவாயிற்று. உருகாத டங்ஸ்டன் ஊசி ஒன்று பொறியை எழுப்ப, அதைச் சுற்றி மந்தவாயு பாயும். 1948-இல் அந்நாட்டிலேயே மிக் முறை பிறந்தது. அதில் சுருளிலிருந்து கம்பி தானே ஓடிவந்து உருகும். காவலுக்குக் கேஸ் பாயும். கம்பியின் உள்ளேயே மருந்தை அடைத்துவிட்டுக் கேஸ் இல்லாமலே வேலை செய்யும் வகையும் பின்னர் வந்தது. நம் பெட்டி இவையனைத்தையும் செய்யும்.

அவ்வளவு சிறிய பெட்டியால் இது எங்ஙனம் இயலும் என்ற ஐயம் எழலாம். பழைய மெஷின் என்பது பெரும் டிரான்ஸ்பார்மர் ஒன்றே. வினாடிக்கு 100 முறை திசைமாறும் மின்சாரத்தை அப்படியே வாங்கிக் குறைந்த வோல்ட்டும் மிகுந்த ஆம்பியரும் ஆக்கித் தந்தது. திசைமாறும் வேகம் கூடக்கூட, அதே வேலைக்கு வேண்டிய இரும்பும் செம்பும் குறையும். புதிய பெட்டி, வரும் மின்சாரத்தை முதலில் ஒரே திசையில் செல்வதாக மாற்றி, பின் அதை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, கைக்கடக்கமான டிரான்ஸ்பார்மர் வழியே செலுத்தி, மீண்டும் ஒரே திசையினதாக்கி வெளிவிடுகிறது. இதற்குத்தான் இன்வெர்ட்டர் என்று பெயர். விளக்கெரிக்க வீட்டில் வைக்கும் இன்வெர்ட்டரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா.

மின்சாரத்தை இவ்வாறு வெட்டி ஆளும் சுற்றமைப்பு இருப்பதால், ஒரே பெட்டி இருவேறு குணங்களைக் கொள்ள முடிகிறது. ராடும் டிக்கும் கையால் நடத்தப்படுபவை. கை சற்று மேலே போனாலும் கீழே வந்தாலும் ஆம்பியர் மாறாதிருத்தல் அவற்றிற்கு வேண்டும். மிக் முறையில் கம்பி ஒரே வேகத்தில் வந்துகொண்டிருப்பதால், அங்கே மாறாதிருக்க வேண்டியது வோல்ட். கம்பி இரும்பை நெருங்கினால் ஆம்பியர் தானே உயர்ந்து கம்பியை விரைந்து உருக்கும்; விலகினால் குறையும்; பொறியின் நீளம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். முகப்பிலுள்ள தேர்வுப் பொத்தானைத் திருப்பும்போது பெட்டி இக்குணத்தை மாற்றிக்கொள்கிறது. ஆனால் குணம் மட்டுந்தான் மாறும். முனை, கேஸ், கம்பி, ரோலர் ஆகியவற்றை நாமே மாற்ற வேண்டும். பொத்தானைத் திருப்பியதோடு வேலை முடிந்தது என்று எண்ணுவதே இப்பெட்டியைக் கையாளுவோர் பெரும்பாலும் இடறும் இடம்.

இனி, பெட்டியை மின்சாரத்தில் இணைக்கும் பேச்சுக்கு வருவோம். 200 ஆம்பியர் தரும் பெட்டி என்று விற்கிறார்கள். 200 ஆம்பியரில் ராடு எரியும்போது பொறியின் வோல்ட் ஏறத்தாழ 28. இரண்டையும் பெருக்கினால் 5,600 வாட். பெட்டியினுள் வீணாகும் வெப்பத்தையும் சேர்த்தால் 6,000 வாட்டைத் தாண்டும். 230 வோல்ட் இணைப்பில் இதற்கு 26 ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். நடைமுறையில் அதனினும் மிகும். வாடகைக் கடையின் சுவரிலுள்ள 16 ஆம்பியர் பிளக்கு இதைத் தாங்காது. 2.5 மில்லிமீட்டர் ராடை 80 ஆம்பியர் அளவில் எரிப்பதற்கு அந்தப் பிளக்கு போதும். அதற்குமேல் போவதாயின் மீட்டர்ப் பலகையிலிருந்து தனி இழுப்பும், அதற்கெனத் தனி எம்.சி.பி.யும், கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் சாதனமும் வேண்டும். உரிமையாளர் மறுக்கக்கூடும். பிளக்கு கருகிக் கடை தீப்பிடித்தால் பழி யார்மீது விழும் என்பதை அவரிடமே அமைதியாக எடுத்துச் சொல்லலாம்.

நீண்ட மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியும் தீது. வழியிலேயே வோல்ட் குறைந்து, பெட்டி திணறும். கம்பியை உருளையில் சுற்றியபடியே வைத்துப் பயன்படுத்தினால் வெப்பம் வெளியேற வழியின்றி உறை உருகும். முழுவதும் பிரித்து விரித்துவிட வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப்பற்றிச் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்ப்பாளர்க்குச் சொற்களின்மேல் உள்ள பித்து என்று நேயர்கள் இதை ஒதுக்கலாகாது. இது உயிரைப் பொறுத்த செய்தி. பட்டறைகளில் எர்த் என்னும் ஒரு சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறிக்கிறார்கள். ஒன்று, வேலை நடக்கும் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பும் அதன் கம்பியும். மற்றொன்று, மூன்றுமுனைப் பிளக்கின் பெரிய முனை வழியே நிலத்திற்குச் செல்லும் காப்புக் கம்பி. முன்னது வெல்டிங் மின்சாரம் பெட்டிக்குத் திரும்பும் பாதை. நிலத்திற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பின்னது, பெட்டியின் உடலில் தவறி 230 வோல்ட் ஏறிவிட்டால் அதை நிலத்தில் இறக்கி நம்மைக் காப்பது. கிளாம்பை மாட்டிவிட்டு, எர்த் கொடுத்தாயிற்று என்று சொல்லி, மூன்றாம் கம்பி இல்லாத இருமுனைப் பிளக்கில் பெட்டியை ஓட்டுகிறவர் எத்தனையோ பேர். சொல் ஒன்றாயிருப்பதால் காப்பும் கிடைத்துவிட்டதாக மனம் நம்பிவிடுகிறது. ஆதலால் முன்னதைத் திரும்புகம்பி என்றும் பின்னதை நிலக்கம்பி என்றும் பிரித்து வழங்குவோம். எவ்வூர்ப் பட்டறையாயினும், நிலக்கம்பி உண்மையில் நிலத்தைச் சேர்கிறதா என்பதை மின்பணியாளர் ஒருவரைக்கொண்டு சோதித்த பின்னரே பெட்டியை இயக்குதல் வேண்டும்.

திரும்புகம்பியின் கிளாம்பை வேலை நடக்கும் துண்டிலேயே, இணைப்புக்கு அருகில், துருவும் பெயிண்டும் சுரண்டிய இடத்தில் கவ்வுதல் நன்று. கட்டடத்தின் தூணிலோ வேறு எந்திரத்தின் உடலிலோ மாட்டினால், திரும்பும் மின்சாரம் தனக்கு எளிதான வழியைத் தானே தேடிக்கொள்ளும். அவ்வழியில் பால்பேரிங் இருந்தால் அது பொறிபட்டுக் கெடும்.

முனைகளுக்கு வருவோம். பெட்டியின் முகப்பில் பிளஸ், மைனஸ் என இரு துளைகள் உண்டு. ராடு வெல்டிங்கில் ஹோல்டர் பெரும்பாலும் பிளஸ்ஸில், கிளாம்பு மைனஸ்ஸில். டிக்கில் இது தலைகீழ்: டார்ச் மைனஸ்ஸில் இருக்க வேண்டும். மாற்ற மறந்து பிளஸ்ஸில் மாட்டிவிட்டால், வெப்பத்தின் பெரும்பங்கு ஊசியின்மேல் விழுந்து கூர்முனை உருண்டையாக உருகிவிடும். மிக்கில் கேஸோடு ஓடும் கட்டிக் கம்பிக்கு டார்ச் பிளஸ்ஸில் இருக்கும். கேஸ் வேண்டாத, உள்ளே மருந்தடைத்த கம்பிக்கோ டார்ச் மைனஸ்ஸில் இருத்தல் வேண்டும். ஒரே டார்ச், ஒரே பெட்டி, ஏறத்தாழ ஒரே தோற்றமுள்ள கம்பி. முனை மட்டும் எதிர். கேஸ் வேண்டாத கம்பி வாங்கிப் போட்டவர், தெறிப்பு மிகுதியாயிருக்கிறது, தையல் மேலாகவே நிற்கிறது என்று கம்பியைக் குறைகூறுவார். கம்பிச் சுருள் இருக்கும் அறையின் கதவைத் திறந்து, அங்குள்ள இணைப்பையோ முகப்பிலுள்ள குட்டைக் கம்பியையோ இடம் மாற்றினால் குறை தீர்ந்துவிடும்.

ராடு வெல்டிங் நம்மவர்க்குப் பழகிய தொழில் ஆதலின் நீட்டிக்க வேண்டுவதில்லை. 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியர், 3.15 மில்லிமீட்டருக்கு 90 முதல் 130 வரை என்று கொள்ளலாம். ராடின் பெட்டிமேல் 6013 என்றோ 7018 என்றோ எண் காணப்படும். முதல் இரண்டு இலக்கங்கள் ஓட்டிய உலோகத்தின் இழுவலிமை. 60 என்றால் சதுர அங்குலத்திற்கு 60,000 பவுண்டு. 6013 எளிதில் பற்றும், கசடும் எளிதில் உரியும். கிரிலுக்கும் கைப்பிடிக்கும் அது போதும். 7018 பாரம் தாங்கும் வேலைக்குரியது. ஆனால் அதற்கு ஈரம் பகை. ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் தையலினுள் புகுந்து, சில மணி நேரம் கழித்தும் விரிசலை உண்டாக்கும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்காலத்தில் திறந்துவைத்த 7018 பொட்டலத்தை அப்படியே பயன்படுத்துவது தகாது. பொட்டலத்தின்மேல் அச்சிட்டுள்ளபடி ராடு உலர்த்தும் அடுப்பில் சூடேற்றியபின் எடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் மற்றோர் அபாயமும் உண்டு. ராடு எரியாதபோது ஹோல்டரில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கும். உலர்ந்த கைக்கு அது பெரிதாகத் தோன்றாது. வியர்த்த கையோடு, நனைந்த தரையில் நின்று ராடை மாற்றுகிறவருக்கு அதுவே எமனாகக் கூடும். காலடியில் உலர்ந்த பலகையும், கையில் உலர்ந்த தோலுறையும் வேண்டும்.

மிக் முறைதான் இப்பெட்டியின் கவர்ச்சி. டார்ச்சின் விசையை அழுத்தினால் கம்பி வருகிறது, பொறி எழுகிறது, தையல் விழுகிறது. ராடில் கை பழக மாதங்கள் பிடிக்கும். மிக்கில் ஒரே மாலையில் பார்வைக்கு அழகான தையலை ஓட்டிவிடலாம். நம் அச்சமும் இங்கேயே இருக்கிறது. ஏன் என்பதைப் பின்னர்ச் சொல்வோம்; முதலில் அமைப்பு.

சிறு பட்டறைக்கு 0.8 மில்லிமீட்டர் கம்பி ஏற்றது. கம்பியைத் தள்ளும் ரோலரில் இரண்டு அளவுப் பள்ளங்கள் வெட்டியிருக்கும்; கம்பியின் அளவும் பள்ளத்தின் அளவும் பொருந்த வேண்டும். கட்டிக் கம்பிக்கு வழுவழுப்பான பள்ளம். மருந்தடைத்த மெல்லுடல் கம்பிக்குப் பல்வெட்டிய பள்ளம். டார்ச்சின் நுனியிலுள்ள செம்பு டிப்பும் அதே அளவினதாதல் வேண்டும். ரோலரின் அழுத்தத்தை, கம்பி வழுக்காத அளவிற்குமட்டும் இறுக்குக. மிகுதியாக இறுக்கினால் கம்பி நசுங்கி, டார்ச்சின் உட்குழாயில் சிக்கி, ரோலருக்கருகில் பறவைக்கூடு போலச் சுருண்டுகொள்ளும். சுருளின் அச்சாணியையும் சிறிது இறுக்கி வைத்தால், விசையை விட்டதும் சுருள் தன்பாட்டில் சுழன்று கம்பி அவிழாது.

கேஸ், நிமிடத்திற்கு 10 முதல் 15 லிட்டர் வரை. தனிக் கரியமிலவாயு மலிவு, இரும்பில் ஆழமாகப் பாயும், தெறிப்பு மிகுதி. ஆர்கானோடு கரியமிலவாயு கலந்த சிலிண்டர் விலை கூடுதல், பொறி அமைதியாயிருக்கும். கரியமிலவாயு சிலிண்டரினுள் திரவமாக இருப்பது. அது வாயுவாகி விரியும்போது கடுங்குளிர் உண்டாகி ரெகுலேட்டர் உறைந்து அடைத்துக்கொள்ளும். தில்லியின் தைமாதக் காலையில் இது கண்கூடு. அதற்கென விற்கும் சூடேற்றியை ரெகுலேட்டருக்கு முன்னால் பொருத்தினால் தொல்லை நீங்கும். சிலிண்டரை எப்போதும் நிமிர்த்திச் சங்கிலியால் சுவரோடு கட்டுதல் வேண்டும். சாய்ந்து வால்வு முறிந்த சிலிண்டர் எறிகணையாகிவிடும்.

இரண்டு குமிழ்கள் உள்ளன: ஒன்று வோல்ட், மற்றொன்று கம்பியின் வேகம். மிக்கில் கம்பியின் வேகமே ஆம்பியரை நிர்ணயிக்கும். 3 மில்லிமீட்டர்த் தகட்டிற்கு 18 முதல் 20 வோல்ட்டில் தொடங்கி, வேகத்தைக் குறைவிலிருந்து மெல்ல ஏற்றுக. வேகம் குறைவாயின் கம்பி நுனியில் உருண்டை திரண்டு டிப்போடு ஒட்டிக்கொள்ளும். வேகம் மிகுதியாயின் கம்பி இரும்பை முட்டி, டார்ச்சைக் கை பின்னுக்குத் தள்ளுவதை உணரலாம். இரண்டிற்கும் இடையில், எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற இடையறாத ஓசை எழும் இடமே சரியான இடம். எண்களைவிட இந்த ஓசை நம்பத்தக்கது. பட்டறைக்குப் பட்டறை வோல்ட் மாறும், ஓசை மாறாது. டிப்பிலிருந்து கம்பி 10 மில்லிமீட்டர் அளவே வெளியே நீண்டிருக்கட்டும்.

இனி, அச்சத்திற்குரிய செய்தி. இவ்வோசை எழும் முறையில் கம்பியின் நுனி வினாடிக்குப் பலமுறை இரும்பைத் தொட்டுத் தொட்டு, துளித்துளியாக உலோகத்தை விட்டுச் செல்கிறது. இதனால் வெப்பம் குறைவு. மெல்லிய தகடு ஓட்டையாகாமல் தப்புவது அதனால்தான். அதே காரணத்தால், கனத்த இரும்பில் அடியுலோகம் உருகாமலே, உருகிய கம்பி அதன்மேல் வழிந்து படிந்துவிடலாம். சுவரில் ஈரமில்லாமல் பூசிய சாந்துபோல அது மேலே நிற்கும், உள்ளே பிடித்திருக்காது. மேற்பரப்பு ஒழுங்காக இருக்கும். கிரைண்டரால் தேய்த்துப் பெயிண்டு அடித்துவிட்டால் எப்பேர்ப்பட்ட கண்ணும் ஏமாறும். ராடு வெல்டிங்கில் தொழில் தெரியாதவனின் தையல் பார்த்த மாத்திரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். மிக்கிலோ தவறான தையலும் அழகாக இருக்கும்.

1,000 லிட்டர்த் தண்ணீர்த் தொட்டியின் நீர் மட்டும் 1,000 கிலோ. அதைத் தாங்கும் சட்டத்தின் மூலைகளில் இத்தகைய தையல் இருந்தால், அடியில் உறங்குகிறவர் கதி என்ன? ஆதலின், சிறு பெட்டியைக் கொண்டு 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட இரும்பில், ஆள் ஏறும் இடத்திலும் பாரம் தாங்கும் இடத்திலும், மிக்கை ஒதுக்கிவிட்டு ராடையே எடுத்துக்கொள்ளுமாறு நாம் வற்புறுத்துகிறோம். ஒரே பெட்டியில் மூன்றும் இருப்பதன் பயனே, இடத்திற்குத் தக்கதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதுதான்.

ஐயம் தீர எளிய சோதனை ஒன்று உண்டு. வேலைக்குரிய அதே கனமுள்ள இரு துண்டுகளை, ஒன்றின்மேல் ஒன்று செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஓட்டுக. நன்றாக ஆறியபின் வைஸில் பிடித்து, தையல் உள்ள பக்கம் நோக்கிச் சம்மட்டியால் மடக்குக. தையல் வளைந்து நின்றால் நன்று. முறிந்தாலும் முறிந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அடிமூலைவரை புதிய உடைவு தெரிந்தால் பிடித்திருக்கிறது என்று பொருள். ஒரு துண்டின் முகம் வழுவழுப்பாக, கிரைண்டர் கீறல்கூட அழியாமல் அப்படியே இருந்தால், அங்கே உலோகம் உருகவே இல்லை. கம்பியோ தகட்டின் கனமோ மாறும்போதெல்லாம் இச்சோதனைக்கு ஐந்து நிமிடம் செலவிடுதல் தகும். வாடிக்கையாளர் இதற்குக் கூலி தரமாட்டார் என்பது உண்மைதான்.

மிக்கும் டிக்கும் காற்றை வெறுப்பவை. திறந்த மாடியில் கேஸ் கலைந்துபோய்த் தையல் புழு அரித்ததுபோலத் துளைபடும். கோடையில் பக்கத்தில் சுழலும் மின்விசிறியும் அதையே செய்யும். வெளியிடத்து வேலைக்கு ராடோ, மருந்தடைத்த கம்பியோதான் பொருந்தும்.

டிக் முறை பொறுமைசாலிகளின் தொழில். எவர்சில்வர் கைப்பிடிக்கும் மெல்லிய குழாய்க்கும் அது நிகரற்றது. கேஸ் தனி ஆர்கானாக இருத்தல் வேண்டும். மிக்கிற்கு வாங்கிய கரியமிலவாயுவைக் கொடுத்தால் ஊசி எரிந்து கருகும். நிமிடத்திற்கு 6 முதல் 10 லிட்டர் போதும். ஊசியைக் கூர்தீட்டும்போது கீறல்கள் நீளவாட்டில் அமைய வேண்டும். குறுக்குக் கீறல் பொறியை அலையச் செய்யும். சிவப்புப் பட்டையிட்ட ஊசியில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் சிறிதளவு உண்டு. அதன் தூளைச் சுவாசிப்பது தீங்கு. லாந்தனம் கலந்த ஊசிகள் கிடைக்கும்போது அதை நாடுவானேன்?

அலுமினியம் ஓட்டலாம் என்று சொல்லி விற்கும்போது மட்டும் கூர்ந்து கேட்க வேண்டும். அலுமினியத்தின்மேல் படிந்திருக்கும் ஆக்சைடு ஏடு, உலோகத்தைவிட மிக உயர்ந்த வெப்பத்தில் உருகுவது. அதைக் கலைக்க டிக் முறையில் திசைமாறும் மின்சாரம் வேண்டும். விலை மலிவான பெட்டிகளின் டிக் பெரும்பாலும் ஒரே திசை மின்சாரமே தரும். அதனால் இரும்பும் எவர்சில்வரும் ஓடும், அலுமினியம் ஓடாது. பெட்டியின் தகட்டில் ஏ.சி. டிக் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குதல் அறிவுடைமை.

கொதிகலன் குழாய்களில் அடித்தையலை டிக்கால் போட்டு, மேலே ராடால் நிரப்புவது வழக்கம். நம் திருச்சிராப்பள்ளியில் கொதிகலன் தொழிற்சாலையும், 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருப்பதால், அவ்வட்டாரத்திலிருந்து வடக்கே வந்த தொழிலாளர்க்கு இது புதிதன்று. ஒரே இணைப்பில் இருமுறைகளைக் கையாளும் இத்தகைய வேலைக்கே நம் பெட்டி உண்மையில் பிறந்தது போலும்.

பெட்டியின் தகட்டில் 200 ஆம்பியர், 60 சதவீதம் என்று பொறித்திருக்கும். ஆங்கிலத்தில் ட்யூட்டி சைக்கிள் எனப்படும் இதை உழைப்பு விகிதம் எனலாம். பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் 200 ஆம்பியரில் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஓய்வு தரவேண்டும் என்பது பொருள். ஓய்வின்றி ஓட்டுவதாயின் ஏறத்தாழ 155 ஆம்பியரோடு நிற்க வேண்டும். இக்கணக்கு 40 டிகிரி வெப்பநிலையை வைத்துப் போடப்படுவது வழக்கம். தில்லியிலும் இராஜஸ்தானத்திலும் கோடையில் தகரக் கொட்டகையினுள் நிலவும் வெப்பத்திற்கு அக்கணக்கும் செல்லாது. ஓய்வுக்காகப் பெட்டியின் சுவிட்சை அணைப்பதும் கூடாது; உள்ளே இருக்கும் விசிறி ஓடினால்தான் பெட்டி ஆறும். கிரைண்டர் துகள் பெட்டிக்குள் போகாதபடி தள்ளி வைப்பதும், மாதம் ஒருமுறை, பிளக்கைக் கழற்றிச் சற்று நேரம் சென்றபின், உலர்ந்த காற்றால் ஊதுவதும் அதன் ஆயுளைக் கூட்டும்.

உடலைப்பற்றியும் கூறவேண்டும். பொறியின் புறஊதாக் கதிர் கண்ணில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். உருளைக்கிழங்கு வில்லையை வைப்பதும் தாய்ப்பால் விடுவதும் பட்டறை வைத்தியம். கண் மருத்துவரிடம் செல்வதே முறை. குளிர்க்கண்ணாடி இதற்குக் காப்பாகாது. 100 ஆம்பியர் அளவில் ராடு ஓட்ட 10 அல்லது 11 எண்ணுள்ள கண்ணாடி வேண்டும். தெருவோரப் பட்டறையாயின் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை மறைக்க ஒரு திரையும் வேண்டும்.

வெல்டிங் புகையைப் புற்றுநோய் விளைப்பவற்றின் முதல் வகுப்பில், உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் சேர்த்தது. முகத்தைப் புகைக்கு நேராக நீட்டாதிருப்பதும், புகையை வாயிலிருந்து பக்கவாட்டில் இழுத்துச் செல்லும் விசிறியும் குறைந்தபட்சக் காப்பு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை அப்படியே ஓட்டினால், அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரும். பலர் இதை மலேரியா என்று எண்ணி மாத்திரை விழுங்குகின்றனர். தையல் விழும் இடத்தின் இருபுறமும் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் ஓட்டுதல் வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனமானது. கிணறு போன்ற குழியிலும் தொட்டியின் உள்ளேயும் தேங்கி, மணமுமின்றி நிறமுமின்றி மூச்சை நிறுத்திவிடும். அங்கே தனியே இறங்கலாகாது.

நாளின் வேலை முடிந்தபின் முதலில் சிலிண்டரின் வால்வை மூடுக. மிக்காயின் ரோலரின் பிடியைத் தளர்த்திவிட்டு விசையை அழுத்தினால், கம்பி வீணாகாமல் குழாயில் தங்கிய கேஸ் மட்டும் வெளியேறும். முள் பூச்சியத்திற்கு வந்ததும் ரெகுலேட்டரின் திருகைத் தளர்த்துக. விசிறி சில நிமிடம் ஓடியபின் சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுக. ஆனால் உடனே கதவைப் பூட்டிச் செல்ல வேண்டா. தெறித்த பொறி சாக்கினடியிலும், மரத்தூளிலும், சுவரின் மறுபுறத்திலும் புகைந்துகொண்டிருக்கக்கூடும். மணல் வாளியை அருகில் வைத்துக்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம்வரை அங்கேயே இருந்து, மூலைமுடுக்குகளையெல்லாம் ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியேறுக.